பத்தாவது எழுத 31 வயதில் சலுகை கேட்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தமிழ் மீடியத்தில் படித்தேன். பத்தாவதில் ஆங்கிலமும் கணக்கும் போய்விட்டது. பிறகு இரண்டு தடவை எழுதியும் வரவில்லை. என் பையனுக்கு 9 வயது. அவனுக்கு டிஸ்லெக்சியா என்று சொன்ன சைக்காலஜிஸ்ட், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். அவர் அடுக்கிய ஒவ்வொன்றும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. யாராவது படித்துக் காட்டினால் நன்றாகப் புரிகிறது. தாளைக் கையில் கொடுத்தால் ஓடுவதில்லை. பத்தாவது முடித்து குரூப் 4 எழுத ஆசை. சான்றிதழ் கேட்டுப் போன ஓரிடத்தில், "இதெல்லாம் ஸ்கூல் பசங்களுக்குத்தாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். என் வயதுக்கு இது கிடைக்குமா? கம்பெனிக்குத் தெரிந்தால் வேலைக்கு ஏதாவது ஆகுமா?
– வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

கிடைக்கும். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் ஒன்று. டிஸ்லெக்சியா (படிப்பதில் சிரமம்), டிஸ்கிராஃபியா (எழுதுவதில் சிரமம்), டிஸ்கால்குலியா (கணக்கில் சிரமம்) எல்லாம் இதற்குள் அடக்கம். வயது வரம்பு எதுவும் அங்கே கிடையாது. 2018 ஜனவரியில் வந்த மதிப்பீட்டு வழிகாட்டுதலைப் பார்த்தால், 8 வயதுக்கு மேல் ஒரு சான்று, 14-இல் மறுபடி, 18-இல் மறுபடி, அந்த 18 வயதுச் சான்று ஆயுள் முழுக்கச் செல்லும் என்று இருக்கிறது. ஆயுள் முழுக்கச் செல்லும் என்று அரசே எழுதிவைத்த ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஆனாலும் உங்களைத் திருப்பி அனுப்பியவர் வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்க வாய்ப்பு குறைவு. முறை முழுவதும் சின்னப் பிள்ளையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாம் வகுப்பிலேயே ஆசிரியர் கண்டுபிடித்து அனுப்ப வேண்டும் என்கிறது. முதலில் பார்க்க வேண்டியவர் குழந்தைகள் நல மருத்துவர் என்கிறது. சோதனைக்கு, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பைச் சொல்கிறது. அந்தத் தொகுப்பின் இரண்டாம் நிலையே 8 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்காகச் செய்தது. 31 வயதுக்காரர் வந்து நின்றால் ஓ.பி. சீட்டில் எந்தத் துறை என்று எழுதுவது என்பதிலேயே குழப்பம் வந்துவிடுகிறது. அதனால் அடுத்த முறை "டிஸ்லெக்சியா சர்டிஃபிகேட் வேண்டும்" என்று வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய், "2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி சான்று பெறுவதற்காக, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு செய்து தர வேண்டுகிறேன்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாய்மொழி மறுப்பை வைத்துக்கொண்டு மேலே எங்கேயும் போக முடியாது. எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டி வரும்.

அடுத்து 40 சதவீதக் கணக்கு. பலர் சறுக்குவது இதில்தான். சான்றில் 40-க்குக் குறைவாகப் போட்டுவிட்டால் ஒன்றுக்கும் உதவாது என்று நினைத்து அதைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். 40 சதவீதம் தேவைப்படுவது இட ஒதுக்கீட்டுக்கு. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில், கற்றல் குறைபாடு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 சதவீதம். அந்த வரிசையில் நிற்க 40 வேண்டும். தேர்வில் கூடுதல் நேரமோ சொல்வதை எழுதுபவரோ கேட்பது வேறு விஷயம். அதற்கு 40 சதவீதத்தை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் எதிர் யுபிஎஸ்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனுதாரருக்கு இருந்தது எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு கோளாறு. 40 சதவீதச் சான்று அவரிடம் இல்லை. அந்தத் தீர்ப்பையொட்டி மத்திய அரசு 2022 ஆகஸ்ட் 10 அன்று, 40-க்குக் கீழே இருந்து எழுதச் சிரமப்படுபவர்களுக்கென்று தனி வழிகாட்டுதலை வெளியிட்டது. 2025 பிப்ரவரியில் வங்கித் தேர்வு தொடர்பான குல்ஷன் குமார் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே மறுபடி சொன்னது. இந்த மூன்றின் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் குறித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் 2018-ஆம் ஆண்டுத் தாளை மட்டுமே பார்த்தவராக இருக்கலாம்.

இனி மதிப்பீட்டு அறிக்கை. எல்லாம் இதில்தான் நிற்கிறது. இரண்டு பக்க அறிக்கை சரியாக இருந்தால் மற்றது ஓடிவிடும். அது சொதப்பினால் ஒவ்வொரு அலுவலகத்திலும் இடிக்கும்.

அறிக்கை கொடுப்பவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாகவோ மறுவாழ்வு உளவியலாளராகவோ இருந்து, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் கையெழுத்துக்குக் கீழே இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். எண் இல்லாத அறிக்கை, எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும், சான்று தரும் மருத்துவ போர்டில் தள்ளுபடி. அரசு மருத்துவமனையில் உளவியலாளர் இல்லையென்றால், முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்தில் மதிப்பீடு செய்கிறார்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் வழிகாட்டும்; ஆனால் தனியார் தரும் அறிக்கை அரசுச் சான்று ஆகிவிடாது, போர்டில் வைப்பதற்கான ஆதாரம் மட்டுமே.

மதிப்பீட்டுக்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். கண்ணாடி போட வேண்டிய கண்ணை வைத்துக்கொண்டு வாசிப்புச் சோதனை செய்தால், கிடைக்கும் முடிவு கண்ணைப் பற்றியதாகிவிடும். அன்றைக்கு நைட் ஷிப்ட் முடித்த கையோடு போகாதீர்கள். சோதனை சில மணி நேரம் பிடிக்கும், இரண்டு நாளாகப் பிரித்தும் வைப்பார்கள். முதலில் ஐக்யூ பார்ப்பார்கள். 2018 வழிகாட்டுதல்படி அது 85-க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுச் சோதனைக்கே போவார்கள். தூக்கம் கெட்டு, பதற்றத்தில் உட்கார்ந்து 82 வந்துவிட்டால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்: 85-க்கு மேல் இல்லாததால் இதுவும் இல்லை, அறிவுசார் குறைபாடு என்று சொல்லும் அளவுக்குக் குறைவும் இல்லை. விதியில் உள்ள ஓட்டை இது. உங்களால் அடைக்க முடியாது, விழாமல் பார்த்துக்கொள்ளலாம்.

சோதனை தமிழிலும் நடக்க வேண்டும். இதை வலியுறுத்திக் கேளுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால், தமிழ் மீடியத்தில் படித்த யாருக்கும் மதிப்பெண் குறையத்தான் செய்யும். அது கல்வியின் குறையா, கற்றல் குறைபாடா என்று யாராலும் பிரிக்க முடியாது. தமிழிலும் எல்லாப் பிழையும் டிஸ்லெக்சியா ஆகாது. ண-ன-ந, ல-ள-ழ குழப்பம் பட்டம் படித்தவர்களுக்கும் வருகிறது. துணைக்காலும் கொம்பும் புள்ளியும் அடிக்கடி விடுபடுவது, தெரிந்த சொல்லையே ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி எழுதுவது, 31 வயதிலும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிவது, வரியைத் தவறவிட்டு அதே வரிக்குத் திரும்பி வருவது, இவைதான் உளவியலாளர் தேடுபவை. உங்களுக்கு நடப்பதை நாலைந்து உதாரணத்தோடு சொல்லுங்கள். செக்கிங்கில் 36-ஐ 63 என்று எழுதியதுண்டா? பஸ் போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறதா? அறிக்கையில் இவை ஏறினால் எடை கூடும்.

வளர்ந்தவர்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. இத்தனை வருடத்தில் நீங்களே சில குறுக்கு வழிகளைக் கற்றிருப்பீர்கள். அதனால் ஏழாம் வகுப்புப் பாடத்தைத் தப்பில்லாமல் படித்துவிடுவீர்கள், ஆனால் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் எடுத்திருப்பீர்கள். சரியா தப்பா என்பதை மட்டும் குறித்தால் "குறைபாடு இல்லை" என்று வந்துவிடும். ஆகவே வாசிப்பு வேகம், பார்த்து எழுதும் வேகம், சொல்வதைக் கேட்டு எழுதும் வேகம் ஆகிய மூன்றையும் நிமிடக் கணக்கில் பதிவு செய்யச் சொல்லுங்கள். கூடுதல் நேரம் கேட்பதற்கு ஆதாரம் அந்த எண்தான்.

கையில் எடுத்துப் போக வேண்டியது பழைய காகிதம். பத்தாவது மதிப்பெண் பட்டியல்கள் (தோற்ற மூன்றும்), மாற்றுச் சான்றிதழ், கிடைத்தால் பழைய நோட்டு, ரேங்க் கார்டு. முடிந்தால் உங்கள் அம்மாவையோ அண்ணனையோ கூட்டிப்போங்கள். சின்ன வயதில் எப்படி இருந்தது என்று அவர்கள் சொல்ல வேண்டும். கற்றல் குறைபாடு 25 வயதில் புதிதாக வருவதில்லை, பள்ளி நாளிலேயே இருந்தது என்று காட்டியாக வேண்டும். உலகெங்கும் மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடே, 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஆவணமாக உள்ள கற்றல் சிரம வரலாற்றை நேரடிச் சோதனைக்கு ஈடாக ஏற்கலாம் என்கிறது. "உங்கள் வயதுக்கு டெஸ்ட் இல்லை" என்று சொல்லும் மருத்துவரிடம் இதைப் பணிவாகச் சொல்லிப் பார்க்கலாம். பையனின் அறிக்கையையும் எடுத்துப் போங்கள். குடும்ப வழியில் வருவது என்பது மருத்துவருக்கும் தெரியும்.

கவனச் சிதறல் கோளாறு என்று மட்டும் அறிக்கையில் எழுதித் தந்தால் அதை வைத்துச் சான்று வாங்க முடியாது. சட்டம் பட்டியலிடும் 21 வகையில் அது இல்லை. இரண்டும் சேர்ந்து இருப்பவர்கள் நிறைய. இருந்தால் கற்றல் குறைபாடு முதலில் வரும்படி அறிக்கை இருக்கட்டும்.

அறிக்கையின் கடைசிப் பத்தியைப் பலர் படிப்பதே இல்லை. "பரிந்துரை" என்ற தலைப்பில் என்ன என்ன வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும்: ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், கேள்வியைப் படித்துக் காட்டுபவர், சொல்வதை எழுதுபவர். "தகுந்த சலுகைகள் வழங்கலாம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய அறிக்கையை வைத்து எந்த அலுவலரும் எதையும் தர மாட்டார்.

அறிக்கை வந்ததும் சான்று. யுடிஐடி என்கிற தேசிய அடையாள அட்டைக்கான ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் ஆதார், போட்டோ, முகவரிச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவமனையைத் தேர்வு செய்யும் இடத்தில், மனநலப் பிரிவும் உளவியலாளரும் உள்ள மருத்துவமனையைப் போடுங்கள். வீட்டுக்குப் பக்கம் என்று தாலுகா மருத்துவமனையைப் போட்டால் அங்கிருந்து மேலே அனுப்புவதிலேயே மாதங்கள் ஓடிவிடும். கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால், முகாம் எந்தக் கிழமை, கற்றல் குறைபாட்டுக்கு எந்த மருத்துவர் கையெழுத்திடுகிறார் என்பதைச் சொல்வார்கள். 2024 அக்டோபர் விதித் திருத்தத்தின்படி சான்று தர மூன்று மாதம் வரை எடுத்துக்கொள்ளலாம். 40-க்குக் கீழே என்றால் வெள்ளை அட்டை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம். வெள்ளை அட்டை வந்தால் மனம் தளர வேண்டாம். மேலே சொன்னதுபோலத் தேர்வு அறைக்கு அதுவே வழிவிடும். சதவீதம் தவறு என்று நினைத்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சதவீதம் என்பதே இதில் நெடுநாள் இழுபறி. மருத்துவப் படிப்புக்கான விதிகளிலேயே, கற்றல் குறைபாட்டின் தீவிரத்தை அளக்க அளவுகோல் இல்லை, 40 என்ற எல்லை தோராயமானதுதான் என்று அச்சில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். 2024 மார்ச்சில் மதிப்பீட்டு வழிகாட்டுதல் திருத்தப்பட்டிருக்கிறது. போர்டில் எந்த ஆண்டு வழிகாட்டுதலைப் பின்பற்றுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"மூன்றே நாளில் கார்டு" என்று ஏஜென்ட் யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொய்யாகச் சலுகை பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்று அதே சட்டத்தின் 91-ஆம் பிரிவு சொல்கிறது. மாட்டுவது நீங்கள்தான், ஏஜென்ட் இல்லை.

பத்தாம் வகுப்புக்கு வருவோம். உங்கள் குறி குரூப் 4 என்பதால் மாநிலப் பாடத்திட்டத்திலேயே தனித்தேர்வராக எழுதுங்கள். என்ஐஓஎஸ் திறந்தநிலைப் பள்ளியில் கணக்கை எடுக்காமலேயே ஐந்து பாடத்தில் பத்தாவது முடிக்கலாம், ஐந்து ஆண்டில் ஒன்பது வாய்ப்பு உண்டு, கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு அருமையான அமைப்பு. ஆனால் அந்தச் சான்று தமிழக அரசுப் பணிக்கு இணையா என்பதில் இங்கே சிக்கல் எழுந்திருக்கிறது. கல்லூரிக்கோ தனியார் வேலைக்கோ என்றால் அதையே சொல்லியிருப்பேன். தோற்ற மதிப்பெண் பட்டியலோடு உங்கள் மாவட்ட அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்குப் போய், எந்தப் பாடங்களை மட்டும் எழுதினால் போதும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாடத்திட்டம் இடையில் மாறியிருக்கிறது. பழைய புத்தகத்தை வைத்துப் படித்துவிட்டுப் போய் விழிப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

சலுகைக்கான கோரிக்கை, தேர்வு விண்ணப்பத்தோடு சேர்ந்தே போக வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு கேட்டால் "காலம் கடந்துவிட்டது" என்பார்கள். அதில் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, எழுதுபவரையும் தனி அறையையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டுமே. கடிதம் நீளமாக வேண்டாம். "எனக்குக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உள்ளது. சான்று எண் இது, அறிக்கை நகல் இணைப்பு. தேர்வில் கேள்வித்தாளைப் படித்துக் காட்டவும் நான் சொல்வதை எழுதவும் ஒருவர், கூடுதலாக ஒரு மணி நேரம் வேண்டும். வரைபடம், வடிவியல் படங்களை நானே வரைந்துகொள்ள அனுமதி வேண்டும். ஆணையை ஹால் டிக்கெட்டுக்கு முன் எழுத்தில் தர வேண்டுகிறேன்." இவ்வளவு போதும்.

"படித்துக் காட்ட" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான படிவங்களில் எழுதுபவருக்கு மட்டும் ஒரு கட்டம் இருக்கும், படிப்பவருக்கு இருக்காது. உங்களுக்கு எழுதுவதைவிடப் படிப்பதுதான் பெரிய பாரம். எழுதுபவர் அறைக்கு வந்த பிறகு "எழுத மட்டும்தான் சொன்னார்கள், படிக்கச் சொல்லவில்லை" என்று உட்கார்ந்துவிட்டால் அந்தத் தேர்வு போச்சு.

இன்னொரு இடைஞ்சல் மருத்துவச் சான்றில் வரும். சில தேர்வுகள் கேட்கும் படிவத்தில் "எழுதுவதற்கு உடல்ரீதியான தடை" என்ற வாசகம் இருக்கும். மருத்துவர் உங்கள் கையைப் பார்ப்பார், விரல் நன்றாக மடங்கும், கையெழுத்திட மறுப்பார். அது 2018 ஆகஸ்ட்டில் வந்த வழிகாட்டுதலின் படிவம். 2022-ஆம் ஆண்டுப் படிவத்தில் தலைமை மருத்துவ அலுவலரின் கீழ் அமையும் குழுவில் உளவியலாளர், மனநல மருத்துவர் அல்லது சிறப்புக் கல்வியாளருக்கும் இடம் உண்டு. எந்தத் தேர்வுக்கு எந்தப் படிவம் என்று அறிவிக்கையின் பின்னிணைப்பில் பார்த்து, அதையே அச்செடுத்துக்கொண்டு போங்கள். எழுதுபவருக்கான கல்வித் தகுதியும் தேர்வுக்குத் தேர்வு வேறுபடுகிறது. போன வருடம் யாரோ சொன்னதை நம்பி ஆள் பிடிக்காதீர்கள்.

மொழிப்பாட விலக்கு என்று ஒன்றும் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேர்வுத் துறை தருகிறது. ஆங்கிலத்தை விட்டுவிடலாமே என்று மனம் ஓடும். என் யோசனை: முதல் தடவை கூடுதல் நேரமும் எழுதுபவரும் வைத்து ஆங்கிலத்தை எழுதிப் பாருங்கள். விலக்கைக் கடைசிக்கு வையுங்கள். மூன்று தடவையும் நீங்கள் தோற்றது எந்த உதவியும் இல்லாமல். அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். தமிழுக்கு விலக்கு கேட்கவே வேண்டாம், குரூப் 4-க்குத் தமிழ்தான் வாசல்.

கணக்கில் தேர்ச்சிக்கு 35. அதில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக 16 மதிப்பெண், படிப்பது குறைவாகவும் கை வேலை அதிகமாகவும் உள்ள இரண்டே கேள்வியில் கிடைக்கிறது. படங்களை நானே வரைகிறேன் என்று கடிதத்தில் கேட்கச் சொன்னது இதனால்தான். மீதி 19-ஐ, 14 ஒரு மதிப்பெண் கேள்விகளிலும் சில இரண்டு மதிப்பெண் கேள்விகளிலும் தேடலாம். ஐந்து மதிப்பெண் கணக்குகளில் எண்களை இடம் மாற்றி எழுதும் ஆபத்து அதிகம். தேர்வுக்கு முன் இரண்டு மாதம், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளை யாரையாவது உட்காரவைத்துச் சொல்லிச் சொல்லி எழுதவையுங்கள். சொல்வதும் ஒரு பயிற்சிதான். "இருபது பை ஐந்து" என்று சொன்னால் எழுதுபவர் ஒரே வரியில் எழுதிவிடுவார். "இருபது, அதன் கீழே கோடு, கோட்டுக்குக் கீழே ஐந்து" என்று சொல்லப் பழகுங்கள். முதல் நாள் அறையில் பழகலாம் என்று விட்டால் கிடைத்த ஒரு மணி நேரமும் அதிலேயே கரைந்துவிடும்.

குரூப் 4 தேர்வு 200 கேள்வி, மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 வினாடி. கூடுதல் ஒரு மணி நேரம் சேர்ந்தால் 72 வினாடி. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு அதுவும் பற்றாது, அதனால் இங்கேயும் படித்துக் காட்டுபவரைக் கேட்டே ஆக வேண்டும். 100 கேள்விகள் தமிழ். அதில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஓஎம்ஆர் தாளில் ஒரு வரிசை தள்ளி வட்டத்தைக் கறுப்பாக்குவது உங்களைப் போன்றவர்களுக்கு நிகழும் பெரிய விபத்து. எழுதுபவரிடம் விடையை மட்டும் சொல்லாமல் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள், "47, சி" என்று. பத்துக் கேள்விக்கு ஒருமுறை எந்த எண்ணில் நிற்கிறோம் என்று இருவரும் சரிபாருங்கள். 40 சதவீதச் சான்று கிடைத்தால் தேர்வுக் கட்டண விலக்கும், வயது வரம்பில் பத்து ஆண்டு வரை தளர்வும் உண்டு. எந்தப் பணியிடம் கற்றல் குறைபாட்டுக்கு உரியது என்பதை அறிவிக்கையின் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாப் பதவியும் அதில் வராது.

கம்பெனி விஷயம் சுருக்கமாக. சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உங்கள் வேலை நன்றாக ஓடுகிறது என்றால் அட்டையைக் காட்டாமலே இருக்கலாம். சைஸ் ஸ்டிக்கர் குழப்பம் வருகிறது என்றால், சைஸுக்கு ஒரு நிறம் வைக்கலாமா என்று சூப்பர்வைசரிடம் வேலை யோசனையாகவே கேளுங்கள், எல்லோருக்கும் அது உதவும். தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்பது விதி. குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பணியிட வசதிகள் செய்து தரும் நேரடிக் கடமையை 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களுக்குத்தான் விதித்திருக்கிறது, தனியாரிடம் கொஞ்சம் போராட வேண்டியிருக்கும். அந்தப் போராட்டத்தைப் பத்தாவது முடியும்வரை தள்ளிவைப்பது நல்லது.

சலுகை கேட்டு மறுத்தால்? அந்தச் சொல்லே கொஞ்சம் தடம் மாற்றுகிறது. சலுகை என்றால் தருபவரின் தயவு என்று தோன்றும். சட்டத்தின் 2(எச்) பிரிவு, தர வேண்டிய நியாயமான வசதியை மறுப்பதையே பாகுபாடு என்று வரையறுக்கிறது. மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். தராவிட்டால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில், "என் விண்ணப்பத்தின் மீது எடுத்த முடிவும் காரணமும்" என்று கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். பிறகு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு. வக்கீல் தேவையில்லை, வெள்ளைத்தாளில் எழுதி நகல்களை இணைத்தால் போதும். தேர்வுத் தேதி நெருங்கிவிட்டால் ஆணையரின் பதிலுக்குக் காத்திருக்க நேரம் இருக்காது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெண் என்பதாலேயே உங்களுக்கு அது உண்டு, அட்டை வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

காலக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் தேர்வுக்கான தனித்தேர்வர் விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர் வாக்கில் வரும். அதற்குள் அட்டை கையில் இருக்க வேண்டுமானால் ஜூனில் மதிப்பீடு, ஆகஸ்டுக்குள் யுடிஐடி விண்ணப்பம். தள்ளிப்போனால் ஜூன், ஜூலையில் நடக்கும் துணைத்தேர்வு இருக்கிறது. படிப்பதற்குப் போனையே துணையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் லென்ஸால் புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்தால் தமிழில் வாசித்துக் காட்டும். வேலை இடைவேளையில் காதில் மாட்டிக் கேட்கலாம்.

பையனுக்கு 14-இலும் 18-இலும் மறுபடி சான்று எடுக்க வேண்டும் என்றேன் அல்லவா? அவனுடைய ஒவ்வொரு வருட நோட்டிலும் ஒன்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் எடுத்து வையுங்கள். உங்களுக்கு இப்போது எந்தக் காகிதம் கிடைக்காமல் அலைகிறீர்களோ, அதுதான் அவனிடம் கேட்கப்போவது.